குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு: என் பல்லைப் பார்த்த பிறகு யாரை நம்புவது?

பென்னாகரத்தான் எழுதியது:

வணக்கம். சுவா சூ காங்கில் இருக்கிறேன். சிங்கப்பூருக்கு வந்து பதின்மூன்று வருஷம் ஆகிறது, கப்பல் பட்டறையில் வேலை. சொந்த ஊர் தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். ஊர்ப் பெயரைச் சொன்னதுமே சிலருக்கு விஷயம் புரிந்திருக்கும்.

என் முன்பற்கள் நான்கிலும் குறுக்கே பழுப்புக் கோடு ஓடும். டீக்கறை என்றால் தேய்த்தால் போய்விடும். இது பல் முளைக்கும் முன்பே உள்ளே படிந்தது. ஊரில் என் வயதுக்காரர்கள் பலருக்கும் இப்படித்தான். கல்யாண போட்டோ முழுக்க வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறேன். அப்பாவுக்கு ஐம்பது வயதிலேயே முதுகு வளையாமல் போயிற்று. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்து திரும்பாது, முழு உடம்போடு திரும்புவார். கடலைக் காட்டில் குந்தி உட்கார்ந்து களை எடுத்த மனிதர், கடைசி வருஷங்களில் கட்டிலை விட்டு எழவே இருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

எல்லாம் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் போர்த் தண்ணீர் செய்த வேலை. ஆனால் எங்களுக்கு அது ரொம்ப நாள் தெரியாது. தண்ணீர் சரியில்லை என்று ஊரார் போய்ச் சொன்னபோது, வந்து பார்த்த அதிகாரி ஒரு டம்ளரை வெயிலில் தூக்கிப் பிடித்து, “கண்ணாடி மாதிரி இருக்கு, இதுக்கென்ன குறை?” என்று கேட்டுவிட்டுப் போனார். நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒருவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சின்னக் கண்ணாடிக் குழாயில் எங்கள் தண்ணீரை ஊற்றி, சிவப்பு மருந்து சில சொட்டு விட்டார். மழைத் தண்ணீரில் விட்டபோது சிவப்பு அப்படியே நின்றது. எங்கள் தண்ணீரில் அது வெளிறிப் போயிற்று. “எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு ஃபுளோரைடு” என்றார். பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரைந்து வரும் உப்புச் சத்தாம் அது. அன்றைக்குத்தான் அந்தப் பெயரையே கேட்டேன். போர்த் தண்ணீருக்குப் பதிலாகக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஓகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அப்பாவுக்கு அது பயன்படவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்கு எட்டு மாதம். தாய்ப்பால் போதவில்லை, பால்மாவு கரைத்துக் கொடுக்கிறோம். போன மாதம் பள்ளி நண்பர்கள் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி வந்தது. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் அரசாங்கமே ஃபுளோரைடு கலக்கிறது, மக்களை மந்தமாக, எதிர்த்துப் பேசாமல் வைத்திருக்கத்தான் இது, ஹிட்லர் முகாம்களில் செய்ததும் இதேதான், உர ஆலைக் கழிவைக் காசாக்கும் வேலை என்றெல்லாம் இருந்தது. ஹிட்லர் கதை எனக்கே நம்பும்படி இல்லை. ஆனால் கலக்கிறார்கள் என்பது பொய்யாக இருக்கும் என்று நினைத்துத் தேடினேன். உண்மைதான். அன்று இரவு தூங்கவில்லை. எங்கள் ஊரில் கோடிக்கணக்கில் செலவழித்து எதை விலக்கினார்களோ, அதை இங்கே வேண்டுமென்றே போடுகிறார்கள்.

அந்த வாரமே பக்கத்து வீட்டார் சொல்லி வாட்டர் ஃபில்டர் விற்கும் தம்பி ஒருவர் வந்தார். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த ஃபில்டர் தண்ணீர். கம்பிகள் தொங்கும் ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி சுவிட்சைப் போட்டார். அரை நிமிஷத்தில் எங்கள் தண்ணீர் பச்சையும் பழுப்புமாகத் திரிந்து, மேலே சேறு மாதிரி நுரை கட்டியது. அவருடையது அப்படியே தெளிவாக நின்றது. என் மனைவி பிள்ளையின் பால் புட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். விலை 2,400 வெள்ளி, மாதத் தவணையும் உண்டாம்.

தடுப்பூசிக்குப் போனபோது மருந்தகத்தில் கேட்டேன். “அரசாங்கம் பார்த்துத்தான் போடும், பயப்படாதீங்க” என்றார்கள். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் டம்ளரைத் தூக்கிப் பார்த்தவரும் அதையேதான் சொன்னார்.

நான் டிப்ளோமா வரை படித்தவன். ஆய்வுக் கட்டுரையைப் படித்துச் சரி தவறு சொல்லத் தெரியாது. ஒரு பக்கம் நிபுணர்கள், இன்னொரு பக்கம் வாட்ஸ்ஆப், நடுவில் என் பல். என்ன கேள்வி கேட்டால் இதில் உண்மை பிடிபடும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


புக்கிட் பாத்தோக் வாசி எழுதியது:

தம்பி, நான் பிறந்ததிலிருந்து இந்தத் தண்ணீர்தான். என் அப்பாவுக்கு 84 வயது, காலையில் பூங்காவில் நடக்கிறார், சொந்தப் பல்லில் முறுக்கு கடிக்கிறார். இங்கே பொதுப் பயனீட்டுக் கழகம் தண்ணீரை எவ்வளவு கவனமாகப் பார்க்கிறது என்பது உலகத்துக்கே தெரியும். ஊர் அதிகாரியையும் இங்குள்ளவர்களையும் ஒன்றாக வைத்துப் பேசாதீர்கள். பிள்ளைக்குத் தைரியமாகக் கொடுங்கள், அந்த 2,400 வெள்ளியைப் பிள்ளை பெயரில் போட்டு வையுங்கள்.


காப்பிக்கடை மேசை எழுதியது:

மேலே எழுதியவர் நல்லவர், ஆனால் “நம்புங்கள்” என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. நானும் இங்கே பிறந்து வளர்ந்தவன்தான். 2020 தொடக்கத்தில், கொரோனா வந்தபோது, உடம்பு நன்றாக இருப்பவர்கள் முகக்கவசம் போட வேண்டாம் என்றார்கள். ஏப்ரல் 3-ஆம் தேதி பேச்சு மாறியது, 14-ஆம் தேதியிலிருந்து போடாவிட்டால் குற்றம். யார் யாருடன் பழகினார்கள் என்று பதிவு செய்த டிரேஸ்டுகெதர் செயலியின் தகவல் தொற்றுத் தடமறிய மட்டும்தான் என்றார்கள். 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, குற்ற விசாரணைக்குக் காவல்துறையும் எடுக்க முடியும் என்று தெரிந்தது.

நிபுணர்கள் கதை இன்னும் மோசம். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் டாலும் ஹில்லும் 1950-இலேயே காட்டினார்கள். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் சிகரெட் நிறுவனங்கள் பணம் கொடுத்து, ‘இன்னும் நிரூபணமாகவில்லை’ என்று விஞ்ஞானிகளைப் பேச வைத்தன. இப்போது ஃபுளோரைடுக்கு வருவோம். 2024 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் தேசிய நச்சியல் திட்டமே பிள்ளைகளின் ஐக்யூ, அதாவது அறிவுத்திறன் அளவு, குறைவதோடு ஃபுளோரைடுக்குத் தொடர்பு இருக்கிறது என்று அறிக்கை விட்டது. அடுத்த மாதமே அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இதில் நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்றது. நெதர்லாந்து 1970-களிலேயே நிறுத்திவிட்டது. இஸ்ரேல் 2014-இல் நிறுத்தியது. இதெல்லாம் வாட்ஸ்ஆப் வதந்தி இல்லை. தம்பி, ஃபில்டர் வாங்குங்கள். காசு போனால் சம்பாதிக்கலாம்.


ஈசூன் அக்கா எழுதியது:

தம்பி பென்னாகரத்தான், உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் இங்கே ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தண்ணீரில் ஃபுளோரைடு அளப்பது என் தினசரி வேலைகளில் ஒன்று. பேனா மாதிரி ஒரு எலெக்ட்ரோட், அதன் நுனியில் லாந்தனம் ஃபுளோரைடு படிகம். தெரிந்த அளவுள்ள கரைசல்களில் முதலில் அதைப் பழக்கி, பிறகு மாதிரியில் இறக்குவோம். அதனால் இதைப் பற்றி நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த இரண்டு டம்ளர். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. கருவியில் இருப்பது இரும்புக் கம்பி. தண்ணீரில் உப்புச் சத்து கொஞ்சம் இருந்தாலும் மின்சாரம் ஓடும், இரும்பு கரையும், துருவாகத் திரியும். நீங்கள் பார்த்த சேறு அந்தக் கம்பியின் துரு. தண்ணீரில் முதலிலேயே இருந்த அழுக்கு இல்லை. அவர் கொண்டுவந்தது ஆர்ஓ தண்ணீர், மெல்லிய சவ்வு வழியே தள்ளி உப்பை வடித்தது. அதில் உப்பு ஏறக்குறைய இல்லாததால் மின்சாரம் ஓடவில்லை, அதனால் தெளிவாக நின்றது. அந்தத் தம்பி மறுபடி வந்தால் அவர் கொண்டுவரும் தண்ணீரில் நீங்கள் சாப்பிடும் உப்பு ஒரு சிட்டிகை போட்டு அதே கருவியை இறக்கச் சொல்லுங்கள். டிடிஎஸ் மீட்டரை நீட்டினாலும் அதே கதைதான். கரைந்திருக்கும் உப்பு மொத்தம் எவ்வளவு என்பதைத்தான் அது காட்டும், அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

இப்போது அளவு. உங்களுக்கு வந்த செய்தியில் ஒரு எண்ணாவது இருந்ததா? மருந்தகத்தில் யாராவது ஒரு எண் சொன்னார்களா? இரண்டு பக்கமும் எண்ணை விட்டுவிட்டார்கள், உங்கள் தூக்கம் போனது அதனால்தான். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். இந்தியத் தரநிர்ணயம் 1 வரை நல்லது என்கிறது, வேறு தண்ணீரே இல்லை என்றால் 1.5 வரை போகலாம் என்கிறது. அதைத் தாண்டித் தாண்டித்தான் உங்கள் ஊர் போர்வெல்களில் பல்லும் எலும்பும் போயின. சிங்கப்பூரில் 1950-களின் பிற்பகுதியில் 0.7 அளவில் தொடங்கினார்கள், பிறகு படிப்படியாகக் குறைத்து 0.5 அளவுக்குக் கொண்டுவந்தார்கள். வெப்பமான ஊர், நிறையத் தண்ணீர் குடிக்கிறோம். இப்போது பற்பசையிலும் ஃபுளோரைடு வந்துவிட்டது. தேநீரிலும் இருக்கிறது, சொல்லப்போனால் நல்ல கடுந்தேநீரில் நம் குழாய்த் தண்ணீரைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

‘எங்கள் ஊரில் விலக்கியதை இங்கே எதற்குப் போடுகிறார்கள்’ என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் உங்கள் பல்லிலிருந்தே தொடங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் போன பல் மருத்துவர் ஃபிரெடெரிக் மெக்கே அங்குள்ள பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையைப் பார்த்தார். காரணம் தெரியாமல் பல வருஷம் அலைந்தார். ஆனால் அந்தக் கறைப்பற்களில் சொத்தை குறைவாக இருப்பதைக் கவனித்தார். அலுமினிய நிறுவனம் ஒன்றின் தலைமை வேதியியலாளர் சர்ச்சில் 1931-இல் தண்ணீரை ஆராய்ந்து, காரணம் ஃபுளோரைடு என்று கண்டுபிடித்தார். அந்த நிறுவனத்தின் பாக்சைட் என்ற சுரங்க ஊரில் பிள்ளைகளின் பல் கறைக்கு அலுமினியத்தைக் குற்றம் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அந்த நிறுவனத்துக்கு இருந்தது.  அதன்பின் அமெரிக்க அரசுப் பல் மருத்துவர் டிரெண்ட்லி டீன் ஊர் ஊராகப் பல்லை எண்ணிப் பார்த்தார். லிட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் இருக்கும் ஊர்களில் கறை பெரிதாக இல்லை, சொத்தை கணிசமாகக் குறைவு. 1945 ஜனவரியில் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் முதன்முதலாகத் தண்ணீரில் சேர்த்தார்கள். நம் பக்கத்தில் மதராஸ் மாகாணத்து நெல்லூரில் எலும்பையே பிடிக்கும் ஃபுளோரைடு நோயை 1937-இல் பதிவு செய்தார்கள். ஆக, அதிகமானால் என்ன ஆகும் என்பதை நிபுணர்கள் மறைக்கவில்லை. அந்தத் தீமையைப் பார்த்து அளந்தவர்களிடமிருந்துதான் இந்த யோசனையே வந்தது. ஹிட்லர் முகாம் கதைக்கு மட்டும் எந்த ஆவணமும் கிடையாது.

காப்பிக்கடை மேசைக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சொன்னது எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த 2024 அறிக்கையை எடுத்துப் பாருங்கள். தொடர்பு இருப்பதாக ஓரளவு உறுதியோடு அவர்கள் சொன்னது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் இடங்களுக்கு. அமெரிக்காவில் சேர்க்கும் 0.7 அளவைப் பற்றி முடிவு சொல்லத் தரவு போதவில்லை என்றும் அதிலேயே இருக்கிறது. அந்த 1.5-ஐத் தொலைத்துவிட்டுத்தான் செய்தி ஊர் சுற்றுகிறது. குறைந்த அளவிலும் கவனம் வேண்டும் என்று நினைக்க இடமில்லாமல் இல்லை. கனடாவில் 2019-இல் வந்த ஆய்வு, கர்ப்பிணிகளின் சிறுநீரில் ஃபுளோரைடு கூடினால் ஆண் பிள்ளைகளின் ஐக்யூ சற்றுக் குறைவதாகச் சொன்னது, பெண் பிள்ளைகளிடம் அது தெரியவில்லை. நியூசிலாந்தில் பிறப்பிலிருந்து பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், 2015-இல் வந்தது, அப்படி ஒன்றும் தெரியவில்லை. இந்த வாதம் இன்னும் நடக்கிறது. நடப்பதை நடக்கிறது என்று சொல்வதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

ஆனால் நீங்கள் முகக்கவசத்தையும் டிரேஸ்டுகெதரையும் ஒரே கூடையில் போட்டுவிட்டீர்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. முகக்கவச விஷயத்தில் அறிகுறி இல்லாதவர்களும் பரப்புகிறார்கள் என்ற அளவீடு வந்தது, ஆலோசனை மாறியது, ஏன் மாறியது என்றும் சொன்னார்கள். கையிருப்புத் தட்டுப்பாடும் ஒரு காரணம். வீட்டுக்கு நாலு கவசம் கொடுத்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். டிரேஸ்டுகெதர் வேறு. அதில் அறிவியல் தப்பாகவில்லை, கொடுத்த வாக்கு தப்பாகிவிட்டது. அதைக் கேள்வி கேட்டுத்தான் வெளியே கொண்டுவர முடிந்தது, பிறகு பிப்ரவரியில் சட்டம் போட்டு ஏழு வகைக் கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்று கட்டினார்கள். ஒருவர் ‘நான் இப்படிச் செய்வேன்’ என்று சொல்வதை நம்புவதா என்பது ஒரு கேள்வி. ‘இந்தத் தண்ணீரில் இவ்வளவு இருக்கிறது’ என்று சொல்வதை நம்புவதா என்பது இன்னொரு கேள்வி. முன்னதற்கு ஆளைப் பார்க்க வேண்டும். பின்னதற்கு அவர் சொன்னதை வேறு யார் அளந்து பார்க்க முடியும் என்று பார்த்தால் போதும்.

நம் தண்ணீரை யார் அளக்கிறார்கள்? கழகம் அளக்கிறது, சரி, அது அவர்களுடைய எண். அப்புறம் டயாலிசிஸ் நிலையங்கள் இருக்கின்றன. சிறுநீரக நோயாளியின் ரத்தத்துக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வுதான் இருக்கும், ஃபுளோரைடு மிஞ்சினால் உயிரே போகும். 1979-இல் அமெரிக்காவின் அன்னாபொலிஸில் நகரத் தண்ணீரில் ஃபுளோரைடு தவறுதலாக அதிகமாய்க் கொட்டிப்போய், டயாலிசிஸில் இருந்த ஒருவர் இறந்தார். அதனால் டயாலிசிஸ் செய்பவர்கள் யார் பேச்சையும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள், தாங்களே சுத்திகரித்து, தாங்களே அளப்பார்கள். ஊட்லண்ட்ஸிலும் தெம்பனீஸிலும் சில்லு செய்யும் ஆலைகள் இருக்கின்றன, உள்ளே வரும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவர்களால் ஒரு நாள் ஓட்ட முடியாது. எங்களைப் போன்ற தனியார் கூடங்களுக்குப் பானத் தொழிற்சாலை, ஹோட்டல், மீன் வளர்ப்பவர் என்று யார் யாரோ பாட்டிலில் கொண்டுவருவார்கள். இவர்களில் யாருக்கும் அரசாங்கத்தைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை. அவரவர் பிழைப்புக்காக அளக்கிறார்கள். அளவு மாறினால் இத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். என் இருபத்தாறு வருஷத்தில் அப்படி மூடச் சொல்லி யாரும் வந்ததில்லை.

அதிகாரிகள் பொய் சொல்லவே மாட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மிச்சிகனில் ஃபிளிண்ட் நகரத்தில் 2014-இல் தண்ணீர் மூலத்தை மாற்றினார்கள். பழைய குழாயின் ஈயம் கரைந்து வந்தது. மக்கள் பழுப்புத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுபோய்க் காட்டினார்கள், அதிகாரிகள் ‘பாதுகாப்பானது’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை உடைத்தது எது? வர்ஜீனியா டெக் ஆட்கள் வீடு வீடாக மாதிரி எடுத்து ஈயத்தை அளந்தார்கள். மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர் பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று 2015-இல் எடுத்து வைத்தார். முதலில் அவரையும் மறுத்தார்கள், பிறகு எண்ணுக்கு முன்னால் நிற்க முடியவில்லை. உங்கள் பள்ளிக்கு வந்து சிவப்பு மருந்து விட்டாரே, அவரும் இந்த வகை மனிதர்தான். டம்ளரை வெயிலில் தூக்கிப் பார்த்தவரும் அதிகாரி, ஆனால் அவர் அளக்கவே இல்லை.

கடைசியாகப் பாப்பா. பால்மாவு மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு, ஃபுளோரைடு சேர்த்த தண்ணீரில் கரைத்தால், பின்னால் பல்லில் லேசான வெண்புள்ளி வர வாய்ப்பு கொஞ்சம் கூடும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே இதைச் சொல்கிறது, மனம் கேட்கவில்லை என்றால் சில வேளைக்கு ஃபுளோரைடு குறைந்த தண்ணீர் பயன்படுத்தலாம் என்றும் சொல்கிறது. உங்கள் பல்லில் இருக்கும் பழுப்புக் கோட்டுக்கும் அந்த வெண்புள்ளிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்றினால் இன்னும் செறிவாகும். கரி போட்ட சாதாரண ஜக் ஃபில்டரும் எடுக்காது. ஆர்ஓ எடுக்கும். வாங்குவதென்றால் இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள், துருவைப் பார்த்துப் பயந்து வாங்காதீர்கள்.


பென்னாகரத்தான் எழுதியது:

அக்கா, உங்கள் பதிலை மனைவிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவள் பாதியில் எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்து மேசையில் வைத்துவிட்டாள்.

ஃபில்டர் தம்பி சனிக்கிழமை வந்தார். டீ கொடுத்து உட்கார வைத்தோம். நான் கோபப்படவில்லை, “தம்பி, உங்க தண்ணியில இந்த உப்பைப் போட்டு ஒரு தடவை காட்டுங்க” என்று மட்டும் சொன்னேன். ஒரு சிட்டிகைதான். சுவிட்சைப் போட்டதும் முதலில் ஒன்றும் இல்லை, பிறகு கம்பியைச் சுற்றிப் பச்சையாகப் புகை மாதிரி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் போன தடவை எங்கள் தண்ணீர் எப்படி இருந்ததோ அதைவிடக் கறுத்துவிட்டது. அந்தத் தம்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். “கம்பெனியில எனக்கு இது வரைக்கும்தான்ணே சொல்லிக் குடுத்தாங்க” என்றார். பொய் சொன்னது போல எனக்குத் தோன்றவில்லை. அவரும் புதுக்கோட்டைப் பக்கம்தான், வந்து நாலு மாதம் ஆகிறதாம். தப்பான செய்தியை அனுப்புகிறவன் கெட்டவனாக இருக்க வேண்டியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பள்ளி நண்பனும் என் மகள் மேல் உள்ள அக்கறையில்தான் அனுப்பினான்.

கழகத்தின் இணையதளத்தில் குடிநீர்த் தர அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ஃபுளோரைடு வரிசையைக் கண்டுபிடித்து அந்த எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன். 1.5-க்கு எவ்வளவோ கீழே. பாப்பாவுக்குக் குழாய்த் தண்ணீர்தான், கொதிக்க வைத்து ஆறவைத்துக் கொடுக்கிறோம். புட்டியில் ஊற்றும்போது இன்னும் கை ஒரு நொடி நிற்கிறது, அது போக நாளாகும்.

புக்கிட் பாத்தோக் அண்ணன், உங்கள் அப்பா நன்றாக இருக்கட்டும். ஆனால் எங்கள் ஊரிலும் எண்பது வயதில் நிமிர்ந்து நடந்தவர்கள் உண்டு. அவர்களைக் காட்டித்தான் எங்கள் அப்பாவிடம் ‘தண்ணியில ஒண்ணுமில்ல’ என்றார்கள்.


காப்பிக்கடை மேசை எழுதியது:

அக்கா, அந்த 1.5 விஷயத்தை நான் முழு அறிக்கையில் பார்க்கவில்லை, தலைப்புச் செய்தியை வைத்துத்தான் எழுதினேன். இப்போது பார்த்தேன், நீங்கள் சொன்னது சரி. ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. எல்லாரும் ஃபுளோரைடு பற்பசையில் பல் தேய்க்கும் காலத்தில் தண்ணீரிலும் ஏன் போட வேண்டும்? என் வாயில் என்ன போவது என்று நான்தானே முடிவு செய்ய வேண்டும்?


ஈசூன் அக்கா எழுதியது:

இது நல்ல கேள்வி, இதைச் சதி என்று யாரும் தள்ளக் கூடாது. மருத்துவ ஆய்வுகளை எல்லாம் சேர்த்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பு 2024 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பே, 1975-க்குப் பிந்தைய ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் பயன் சிறியது என்கிறது. சராசரியாக ஒரு பிள்ளைக்குப் பால்பல்லில் கால் பல் அளவு சொத்தை குறைவு, அவ்வளவுதான். பற்பசை வருவதற்கு முன் இருந்த பெரிய பயன் இப்போது இல்லை. மறுபக்கம் கனடாவின் கால்கரி நகரம் 2011-இல் நிறுத்தியது, பக்கத்து எட்மன்டனை விட அங்குப் பிள்ளைகளுக்குச் சொத்தை கூடியதைப் பார்த்து, வாக்கெடுப்பு நடத்தி 2025-இல் மறுபடி சேர்த்தது. பல் மருத்துவரிடம் போக வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கால் பல் பெரிது. இருந்தும், ஒரு நாடு நிறுத்துகிறேன் என்றால் நான் மூடத்தனம் என்று சொல்ல மாட்டேன். எவ்வளவு இருக்கிறது, உடம்பில் என்ன செய்கிறது என்பதற்கு அளவீடு பதில் சொல்லும். போடலாமா வேண்டாமா என்பது நாம் எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டியது, அதில் என் எலெக்ட்ரோடுக்கு ஓட்டு கிடையாது. நீங்கள் அந்தக் கேள்வியைத் தொடர்ந்து கேளுங்கள், தொகுதி உறுப்பினரிடமே கேளுங்கள். ஐக்யூ செய்தியை மட்டும் எண்ணோடு சேர்த்து அனுப்புங்கள்.


பென்னாகரத்தான் எழுதியது:

அக்கா, இன்னும் ஒரு உதவி. அம்மா ஊரில்தான் இருக்கிறார். ஓகேனக்கல் தண்ணீர் வராத நாளில் பழைய போரிலிருந்துதான் இன்னும் குடிக்கிறார்கள் என்று தம்பி நேற்றுச் சொன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கே 0.5-க்கு நான் இத்தனை நாள் தூங்காமல் இருந்தேன், அங்கே என்ன அளவு என்று கேட்கவே தோன்றவில்லை. தருமபுரியில் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். தண்ணீரை எதில் பிடிக்க வேண்டும்? வீட்டில் கண்ணாடி பாட்டில் இருக்கிறது, சுத்தமாகக் கழுவி வைத்திருக்கிறானாம்.


ஈசூன் அக்கா எழுதியது:

கண்ணாடி வேண்டாம் தம்பி, ஃபுளோரைடு கண்ணாடியோடு வினை புரியும். பிளாஸ்டிக் பாட்டில் போதும், புது மினரல் வாட்டர் பாட்டில் என்றால் நல்லது. சோப்புப் போட வேண்டாம். பம்பைச் சில நிமிஷம் ஓடவிட்டு, அந்தப் போர்த் தண்ணீராலேயே பாட்டிலை மூன்று முறை அலசி ஊற்றிவிட்டு, நாலாவது தடவை கழுத்துவரை பிடித்து மூடச் சொல்லுங்கள். எந்தப் போர், எந்தத் தேதி என்று பாட்டில் மேலேயே எழுதட்டும். எண் வந்ததும் இங்கே போடுங்கள்.